பாசறையில் எழுந்த சிரிப்பு: ஏரவாடா கேள்வி-பதில்

போன மாதம் இந்தப் பகுதியில் புனே ஏரவாடாவைப் பற்றி நாலு வரி எழுதினேன். அதிலிருந்து பட்டாளத்து வாழ்க்கை பற்றிய கேள்விகளாக வந்து குவிகின்றன. அதனால் சினிமாவும் அரசியலும் ஒரு வாரம் காத்திருக்கட்டும். போர்க்கால முகாமில் சிப்பாயும் அதிகாரியும் எப்படிச் சிரித்தார்கள், என்ன விளையாடினார்கள் என்பதற்கே இந்த வாரம் இடம்.

குண்டு விழுகிற இடத்தில் சிரிப்பு வருமா?
– இல்லத்தரசி, மதுரை

குண்டு வயிற்றுக்குள் இருக்கும்போதே வந்திருக்கிறது. 1942 பிப்ரவரியில் பர்மாவின் சிட்டாங் ஆற்றுப் பாலத்துக்காக ஜப்பானியரோடு சண்டை நடந்தது. சாம் மானெக்ஷா என்ற இளம் அதிகாரியின் வயிற்றில் இயந்திரத் துப்பாக்கிக் குண்டுகள் பாய்ந்தன. இவர் பிழைக்க மாட்டார் என்று பலரும் முடிவு கட்டிவிட்டார்கள். அவருடைய ஆர்டர்லி ஷேர் சிங் மட்டும் விடவில்லை, சுமந்துகொண்டு போய் மருத்துவர் முன்னால் கிடத்தினார். என்ன ஆயிற்று என்று மருத்துவர் கேட்க, கோவேறு கழுதை உதைத்துவிட்டது என்றாராம் மானெக்ஷா. இந்த நிலைமையிலும் இப்படிப் பேசுகிறவனை விட்டுவிடக் கூடாது என்று மருத்துவர் சிகிச்சையில் இறங்கினார் என்பது ராணுவத்தில் இன்றும் சொல்லப்படும் கதை.

அந்த அதிகாரிதான் பின்னாளில் பீல்டு மார்ஷல் ஆனார். குன்னூரில் குடியிருந்து, 2008 ஜூன் 27 அன்று வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில் மறைந்தார். கதையைக் கேட்கிறவர்கள் கோவேறு கழுதைக்குச் சிரிக்கிறார்கள். எனக்கு ஷேர் சிங்தான் பெரிதாகத் தெரிகிறார். செத்துப்போவார் என்று எல்லோரும் கைவிட்ட அதிகாரியைச் சுமக்கச் சொல்லி யாரும் உத்தரவு போட்டிருக்க மாட்டார்கள். அதற்கு முன்பு அந்த இரண்டு பேரும் முகாமில் எத்தனை நாள் சேர்ந்து சிரித்திருப்பார்கள் என்றுதான் யோசிக்கத் தோன்றுகிறது.

ஏரவாடா என்றால் ஜெயில்தானே? அங்கே ராணுவம் எங்கே வந்தது?
– கல்லூரி மாணவர், திருநெல்வேலி

ஜெயில் 1871-இல் கட்டியது. ஆனால் ஏரவாடா ஜெயிலோடு முடிந்துவிடுகிற ஊர் இல்லை. முளா ஆற்றின் ஒரு கரையில் ஏரவாடா, எதிர்க்கரையில் கட்கி. கட்கியில் பாம்பே சாப்பர்ஸ் படையின் தலைமையகம். பாலம் கட்டுவதும் கண்ணிவெடி அகற்றுவதும் இவர்கள் வேலை. 1948-இல் ரஜௌரிக்குப் போகும் வழியில் டாங்கிகளுக்குப் பாதை திறந்துவிட்டு பரம்வீர் சக்ரா பெற்ற ராமா ரகோபா ரானே இந்தப் படைக்காரர்.

ஏரவாடா பக்கம் டெக்கான் கல்லூரி. திலகர் படித்த இடம். முதல் உலகப் போர் வந்ததும் புத்தகங்களை ஓரம் கட்டிவிட்டு அங்கே போர் மருத்துவமனை நடந்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பலேறி வந்த செவிலியர் அங்கே காயம்பட்டவர்களைப் பார்த்துக்கொண்டார்கள். நகர் சாலையில் கொஞ்ச தூரம் போனால் ஆகாகான் மாளிகை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் காந்தி அங்கிருந்து எழுதிய கடிதங்களின் தலைப்பில் மாளிகை என்று இருக்காது, தடுப்புக் காவல் முகாம் என்றுதான் இருக்கும். ஆக மருத்துவமனை, சிறைமுகாம், படைத்தளம் மூன்றுமே ஒரே ஆற்றின் இரு கரைகளில் இருந்திருக்கின்றன.

பாட்மின்டன் புனேயில் பிறந்தது என்று என் மகன் சாதிக்கிறான். உண்மையா?
– வங்கி ஊழியர், கோவை

மகன் பக்கம்தான் தீர்ப்பு. 1870-களில் புனே கண்டோன்மெண்டில் இருந்த பிரிட்டிஷ் அதிகாரிகள் வலை கட்டி ஆடி, விதிகளும் எழுதி வைத்தார்கள். அந்த ஆட்டத்துக்கே ‘பூனா’ என்றுதான் பெயர் இருந்தது. விடுமுறையில் ஊர் திரும்பியபோது கூடவே எடுத்துப் போனார்கள். அங்கே ஒரு பிரபுவின் பாட்மின்டன் மாளிகைப் பெயர் ஒட்டிக்கொண்டது. நம் தஞ்சாவூரில் கம்பளி நூல் பந்து வைத்து ஆடிய பூப்பந்தாட்டம் இதற்கும் முந்தியது என்று சொல்வோர் உண்டு. காற்று வீசினால் இறகுப் பந்து பறந்துவிடும், நூல் பந்து பறக்காது.

ஸ்னூக்கர் கதையும் இதே மாதிரிதான். 1875-இல் ஜபல்பூர் அதிகாரிகள் மெஸ்ஸில் மழைக்காலப் பொழுது போகாமல் நெவில் சேம்பர்லேன் என்ற இளம் அதிகாரி பில்லியர்ட்ஸ் மேசையில் கலர் பந்துகளைச் சேர்த்துப் பார்த்தார். அதற்கு ஒழுங்கான விதிகள் அமைந்தது நம் ஊட்டி கிளப்பில். பொழுது போகாத அதிகாரிகள் உலகத்துக்கு இரண்டு விளையாட்டுகள் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் அந்த மேசைகளைத் துடைத்து வைத்த இந்தியச் சிப்பாய்க்கு ஆட இடம் இருக்கவில்லை. பல கிளப்புகளில் இந்திய அதிகாரிகளுக்கே கதவு திறக்காத காலம் அது. விளையாட்டைக் கண்டுபிடித்தவர்களுக்கு அதைப் பகிர்ந்துகொள்ளும் மனசு வர இன்னும் ஐம்பது அறுபது வருஷம் ஆயிற்று.

அதிகாரி சொல்லும் ஜோக்குக்குச் சிரிக்காவிட்டால் தண்டனை உண்டா?
– ஆட்டோ ஓட்டுநர், சேலம்

சிரித்தால்தான் தண்டனை. நாளைக்கும் அதே ஜோக்கைக் கேட்க வேண்டிவரும்.

ஆகாகான் மாளிகையில் காந்தி இருந்தபோது சிரிப்புக்கு ஏது இடம்? அங்கேதானே மகாதேவ தேசாயும் கஸ்தூர்பாவும் இறந்தார்கள்?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, காரைக்குடி

அங்கேதான். 1942 ஆகஸ்ட் 9 அன்று கைது செய்து கொண்டுவந்தார்கள். ஆறே நாளில், ஆகஸ்ட் 15 அன்று, காந்தியின் செயலாளர் மகாதேவ தேசாய் போய்விட்டார். 1944 பிப்ரவரி 22 அன்று கஸ்தூர்பா. நடுவே 1943-இல் காந்தியின் 21 நாள் உண்ணாவிரதம். அந்த வீட்டுக்குள் துக்கத்துக்குக் குறைவே இல்லை. அப்படிப்பட்ட இடத்தில் மாலை நேரம் வந்தால் பாட்மின்டன் நடந்தது. பிறந்த மண்ணிலேயே அந்த ஆட்டத்தைக் கைதிகள் ஆடினார்கள். எழுபதைத் தாண்டிய கஸ்தூர்பா கேரம் ஆடப் பழகிக்கொண்டு ஆசையாக ஆடினார். சரோஜினி நாயுடு சமையலையும் பார்த்துக்கொண்டு பேச்சிலும் கலகலப்பு குறையாமல் பார்த்துக்கொண்டார். காந்தியையே மிக்கி மவுஸ் என்று கூப்பிட்டவர் அவர். சொன்னவருக்கும் தைரியம் வேண்டும், கேட்டுச் சிரித்தவருக்கும் மனசு வேண்டும்.

அதற்குப் பத்து வருஷம் முன்பு, 1932-இல், ஏரவாடா ஜெயிலில் காந்தியோடு வல்லபாய் படேலும் இருந்தார். காந்திக்கு எதில் பார்த்தாலும் சோடா உப்பு சேர்த்துக்கொள்ளும் வழக்கம். தீராத சிக்கலோடு ஒரு கடிதம் வந்தால் போதும், அதிலும் கொஞ்சம் சோடா போடுங்களேன் என்பார் படேல். பழைய காகிதங்களை மடித்து உறை செய்துகொண்டே இப்படி நாள் முழுக்க. மகாதேவ தேசாயின் டைரியைப் படித்தால் அந்தச் சிறை அறையில் எத்தனை தடவை சிரிப்பு எழுந்தது என்று ஆச்சரியமாக இருக்கும். காந்தியைத் தளபதி என்று ஏற்றுக்கொண்ட படை அது. தளபதியைக் கிண்டல் பண்ணும் உரிமை அந்தப் படையில் எல்லோருக்கும் இருந்தது. அந்தப் படை அவ்வளவு காலம் கலையாமல் நின்றதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நம்புகிறேன்.

ஏரவாடாவுக்கும் தமிழருக்கும் ஏதாவது உறவு உண்டா?
– வாசகர், நாகர்கோவில்

சம்பந்தி உறவே உண்டு. 1933 ஜூனில் ராஜாஜி மகள் லட்சுமிக்கும் காந்தி மகன் தேவதாஸுக்கும் ஏரவாடாவின் பர்ணகுடி இல்லத்தில் கல்யாணம். அதற்கு முந்தைய வருஷம் இதே ஏரவாடாவில் பூனா ஒப்பந்தம் கையெழுத்தான கையோடு ராஜாஜியும் அம்பேத்கரும் பேனா மாற்றிக்கொண்டார்கள்.

‘படா கானா’ என்கிறார்களே, அது என்ன?
– பட்டதாரி, தூத்துக்குடி

படைப்பிரிவில் அதிகாரி, ஜே.சி.ஓ. என்ற இளநிலை அதிகாரி, ஜவான் எல்லோரும் ஒரே இடத்தில் ஒரே சாப்பாடு சாப்பிடும் விருந்து. மற்ற நாட்களில் அதிகாரிகளுக்குத் தனி மெஸ், ஜே.சி.ஓ.க்களுக்குத் தனி மெஸ், ஜவான்களுக்கு லங்கர் என்ற பொதுச் சமையற்கூடம். அன்றைக்கு மட்டும் ஒரே ஷாமியானா.

நான் ஒரு முறை விருந்தாளியாகப் போயிருந்தேன். நீள மேசை, அடுக்கி வைத்த எவர்சில்வர் தட்டு, புலாவ், கோழிக் குழம்பு, பூரி, கடைசியில் கீர். கர்னல் கரண்டியோடு நின்று பரிமாறிக்கொண்டிருந்தார். சாப்பாட்டுக்கு முன்னால் மேடையில் ஒரு நாடகம். ஒரு லான்ஸ் நாயக் தொப்பியைக் கொஞ்சம் சாய்த்து, கையைப் பின்னால் கட்டி, மூன்று அடி நடந்து, நின்று, வாட்சைப் பார்த்து, தொண்டையைச் செருமினான். அவ்வளவுதான் செய்தான். கர்னலைத்தான் காட்டுகிறான் என்று பந்தலில் இருந்த முந்நூறு பேருக்கும் தெரிந்துவிட்டது. ஆனால் ஒருவரும் சிரிக்கவில்லை! எல்லா முகமும் முன்வரிசைக்குத் திரும்பியது. சுபேதார் மேஜர் முகத்தில் ஈயாடவில்லை. கர்னல் தன் வாட்சைப் பார்த்தார், அதே மாதிரி தொண்டையைச் செருமினார். அப்புறம் பந்தல் அதிர்ந்ததைச் சொல்லி முடியாது.

அந்த ஒன்றிரண்டு விநாடி மௌனத்தில்தான் விஷயம் எல்லாம் இருக்கிறது. முகாமில் கீழே இருப்பவன் எவ்வளவு நகைச்சுவைக்காரனாக இருந்தாலும் சிரிப்புக்குக் கதவைத் திறக்க வேண்டியவர் மேலே இருப்பவர். தன்னைப் பார்த்துச் சிரிக்க அவர் இடம் கொடுக்க வேண்டும். கொடுக்காத இடத்தில் ஜோக் இருக்கும், ஆனால் அவர் முதுகுக்குப் பின்னால் இருக்கும்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் கற்றுக்கொடுத்த பழக்கம்தானே?
– பொறியாளர், ஓசூர்

பிரிட்டிஷ் படையில் கிறிஸ்துமஸ் அன்று அதிகாரிகள் சிப்பாய்களுக்குப் பரிமாறும் வழக்கம் இருப்பது உண்மை. அன்று விடிகாலையில் ரம் கலந்த தேநீரை அதிகாரிகளே கொண்டுபோய்க் கொடுப்பார்கள்.

ஆனால் நம் வீட்டுப் பெட்டியையும் கொஞ்சம் திறந்து பாருங்கள். அதியமான் இறந்தபோது ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாட்டு, கள் கொஞ்சமாகக் கிடைத்தால் அதை எங்களுக்கே கொடுத்துவிடுவான் என்று அவனை நினைத்து அழுகிறது. நிறையக் கிடைத்தால் நாங்கள் பாட, தானும் சேர்ந்து குடித்து மகிழ்வான். கறி இருக்கும் இடத்தில் எங்களை உட்காரவைப்பான், அம்பும் வேலும் வரும் இடத்தில் தான் போய் நிற்பான். தலைவன் கடைசியில் சாப்பிட வேண்டும், முதலில் போக வேண்டும் என்று இன்றைய ராணுவப் பயிற்சிக் கூடங்களில் சொல்வதைத்தான் அந்தப் பாட்டு ஒரு சாவு வீட்டில் நின்று சொல்லியிருக்கிறது. தொல்காப்பியம் வெட்சிப் போர் முடிந்து வீரர்கள் கூடிக் குடித்து மகிழ்வதற்கு உண்டாட்டு என்று தனித் துறையே வகுத்து வைத்திருக்கிறது.

சங்க இலக்கியத்தில் பாசறைக் காட்சி வேறு உண்டா?
– தமிழாசிரியர், கும்பகோணம்

உங்களுக்குத் தெரியாததா! மற்ற வாசகர்களுக்காகக் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். நெடுநல்வாடையின் கடைசிப் பகுதிதான். நள்ளிரவு, வாடைக் காற்று, தூறல். பாசறையில் விளக்குகள் காற்றில் சாய்ந்து எரிகின்றன. பாண்டியன் தூங்கவில்லை. சிலரை மட்டும் கூட்டிக்கொண்டு, காயம்பட்ட வீரர்களைப் பார்க்கப் புறப்படுகிறான். முன்னால் போகும் தலைவன் வேலை நீட்டி, இன்னார் இன்னார் என்று காட்டிக்கொண்டே போகிறான். அரசன் ஒவ்வொருவருக்கும் முகம் கொடுத்து நடக்கிறான். அங்கே ஜோக் எதுவும் இல்லை. ஆனால் அந்த இரவில் தூறலுக்கு நடுவே வந்து முகம் காட்டிய அரசனிடம், மறுநாள் ஒரு காயம்பட்டவன் உரிமையாக ஒரு கேலி வார்த்தை சொல்லியிருப்பான் என்று நான் கற்பனை செய்துகொள்வதுண்டு.

பதவியே பார்க்காமல் பழகிய முகாம் எங்காவது இருந்திருக்கிறதா?
– வழக்கறிஞர், ஈரோடு

முகாமில் இல்லை, முகாமை ஒட்டிய ஒரு வீட்டில் இருந்தது. முதல் உலகப் போரில் பெல்ஜியத்தின் பாப்பரிங்கே ஊரில், போர்முனைக்குச் சில மைல் பின்னால், 1915 டிசம்பரில் டபி கிளேட்டன் என்ற ராணுவப் பாதிரியார் டால்பட் ஹவுஸ் என்ற வீட்டைத் திறந்தார். பியானோ, புத்தகங்கள், தேநீர், தோட்டம். பதவியை வெளியே வைத்துவிட்டு வரவும் என்ற பொருளில் அங்கே ஓர் அறிவிப்பு. ஜெனரலும் சிப்பாயும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து தேநீர் குடித்துவிட்டுப் போனார்கள். அங்கே தேநீர் குடித்த எத்தனையோ பையன்கள் அடுத்த வாரம் உயிரோடு இல்லை. ஒரு மத்தியான நேரமாவது அவர்களை எண்ணாகப் பார்க்காமல் ஆளாகப் பார்த்த வீடு அது. அதை நடத்தியவர்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

பீரங்கி தொலைந்துபோன கதை ஒன்று உண்டாமே?
– வாசகர், புதுச்சேரி

உண்டு, அதன் வேர் புனேயில் இருக்கிறது. ஸ்பைக் மில்லிகன் 1918-இல் அகமத்நகரில் பிறந்து புனே கண்டோன்மெண்டில் வளர்ந்த பையன். அப்பா பீரங்கிப் படைக்காரர், ராணுவ மேடைகளில் ஆடிப் பாடி சிப்பாய்களைச் சிரிக்கவைப்பவரும்கூட. மகன் இரண்டாம் உலகப் போரில் அதே பீரங்கிப் படையில் சாதாரணச் சிப்பாயாக வட ஆப்பிரிக்கா போனான். ஒரு நாள் அவர்களுடைய பெரிய பீரங்கி மலைச்சரிவில் உருண்டு, கீழே வேறொரு படையின் கூடாரத்துக்குப் பக்கத்தில் போய் விழுந்தது. கூடாரத் துணியை விலக்கி, யாராவது ஒரு பீரங்கியைப் பார்த்தீர்களா என்று கேட்டான் மில்லிகன். உள்ளே இருந்தவன், என்ன கலர் என்று திருப்பிக் கேட்டான். கூடாரத்தில் இருந்தவர்களில் ஹாரி செகோம்பும் ஒருவர் என்று சொல்வார்கள். போர் முடிந்தபின் இருவரும் சேர்ந்து பி.பி.சி. வானொலியில் நடத்திய ‘கூன் ஷோ’ 1951 முதல் 1960 வரை ஓடியது.

ஆனால் கதை இத்தோடு முடியவில்லை. 1944-இல் இத்தாலியில் காசினோ போர்முனையில் மில்லிகன் காயம்பட்டான், மனமும் உடைந்தது. அதற்கப்புறம் ராணுவக் கலைக்குழுவில் சேர்ந்தான். சிரிக்கவைத்தவனுக்கு வாழ்நாள் முழுக்க மன நோயோடு போராட்டம். முகாமில் எல்லோரையும் சிரிக்கவைக்கிற ஒருவன் இருந்தால், அவனிடம் ‘நீ எப்படி இருக்கிறாய்’ என்று கேட்க அதிகாரி மறந்துவிடக் கூடாது.

போர்முனையில் பத்திரிகை நடத்த முடியுமா?
– பத்திரிகை விற்பனையாளர், விருதுநகர்

முதல் உலகப் போரில் பெல்ஜியத்தின் இப்ரு ஊரே இடிந்து கிடந்தபோது நடத்தினார்கள். 1916-இல் ஃப்ரெட் ராபர்ட்ஸ் என்ற கேப்டனும் ஜாக் பியர்சன் என்ற லெப்டினன்டும் இடிபாட்டுக்குள் ஓர் அச்சு இயந்திரத்தைக் கண்டுபிடித்தார்கள். பிப்ரவரியிலேயே ‘வைப்பர்ஸ் டைம்ஸ்’ வெளிவந்துவிட்டது. பதுங்குகுழி வாடகைக்கு, வசதியான இடம் என்கிற பாணியில் பொய் விளம்பரங்கள். மேலிடத்துத் தளபதிகளும் கிண்டலுக்குத் தப்பவில்லை. அச்சடித்த இடத்தின்மேல் குண்டு விழுந்துகொண்டிருந்தது. ஆசிரியர் குழுவில் ஆள் குறைந்தால் காரணம் கேட்க வேண்டியதில்லை.

நம்மிடம் 1909-இல் உருதுவில் தொடங்கிய ‘ஃபௌஜி அக்பார்’ இன்று ‘சைனிக் சமாச்சார்’ என்ற பெயரில் 13 மொழிகளில் வருகிறது, தமிழும் அதில் ஒன்று. நல்ல பத்திரிகை. ஜவான்களே எழுதும் நகைச்சுவைக்கு அதில் இன்னும் நிறைய இடம் கொடுக்கலாம் என்பது என் ஆசை.

கேலி எந்த இடத்தில் தப்பாகிறது?
– கல்லூரிப் பேராசிரியர், திருச்சி

திருப்பிச் சொல்ல முடியாதவனைப் பார்த்துச் சொல்லும் இடத்தில். 1946-இல் பம்பாயில் ‘தல்வார்’ கடற்படைப் பயிற்சி நிலையத்தில் சாப்பாடு மோசம். புகார் சொன்ன இந்திய மாலுமிகளை நிறத்தையும் பிறப்பையும் இழுத்து ஏசினார் கமாண்டர் கிங். அப்படிப் பேசுகிறவர்கள் வழக்கமாகச் சொல்லும் சமாதானம், இதெல்லாம் பாரக் பேச்சு, பெரிதுபடுத்தாதீர்கள் என்பது. மாலுமிகள் பெரிதுபடுத்தினார்கள். பிப்ரவரி 18 அன்று சாப்பிட மறுத்தார்கள். சில நாட்களுக்குள் கப்பல் கப்பலாகப் பரவி சுமார் 20,000 பேர் எழுந்து நின்றார்கள், பம்பாய்த் தொழிலாளர்கள் தெருவுக்கு வந்தார்கள். ஒரு சாம்ராஜ்யத்தின் கடைசி நாட்களைக் குறுக்கிய நிகழ்ச்சிகளில் இது ஒன்று. அரிசியில் கல் இருந்தால் சிப்பாய் ஒருவேளை பொறுத்துக்கொள்வான். வார்த்தையில் கல் இருந்தால் பொறுக்க மாட்டான்.

எதிரியோடு சேர்ந்து சிரித்தது உண்டா?
– மாணவி, தர்மபுரி

1914 கிறிஸ்துமஸ் அன்று பிரான்ஸ் பக்கம் பதுங்குகுழிகளை விட்டு இரு தரப்பும் வெளியே வந்து கை குலுக்கியது உலகத்துக்கே தெரியும். அந்தக் கூட்டத்தில் நம் கர்வால் ரைஃபிள்ஸ் வீரர்களும் இருந்தார்கள் என்பது பலருக்குத் தெரியாது. இமயமலை கிராமத்துப் பையன்களும் ஜெர்மானியப் பையன்களும் பாஷை தெரியாமல் சுருட்டும் சிகரெட்டும் மாற்றிக்கொண்டார்கள். மேலிடம் அடுத்த வருஷம் இது நடக்கக் கூடாது என்று கண்டிப்பாக உத்தரவு போட்டது. கூடவே சிரித்தவனைச் சுடுவது கஷ்டம் என்று மேலிடத்துக்குத் தெரிந்திருந்தது.

சினிமாக்காரர்கள் ராணுவ முகாமுக்குப் போவது விளம்பரத்துக்குத்தானே?
– வாசகர், சென்னை

சிலர் அப்படிப் போயிருக்கலாம். எல்லோரையும் அதில் சேர்க்காதீர்கள். சுனில் தத்தும் நர்கிஸும் அஜந்தா ஆர்ட்ஸ் குழுவை அழைத்துக்கொண்டு பனிமலை முகாம்களுக்குப் போனார்கள். 1965 போர்க் காலத்தில் எம்.எஸ்.விஸ்வநாதன் உள்ளிட்ட நம் கலைஞர்களும் போர்முனைப் பக்கம் போய்ப் பாடினார்கள். இரண்டாம் உலகப் போரில் வேரா லின் என்ற பாடகி 1944-இல் பர்மா முனைக்கே வந்தார். அப்போது பிரிட்டன் நடத்திய கேளிக்கைக் குழுக்கள் பெரும்பாலும் வெள்ளைச் சிப்பாய்களை மனதில் வைத்தே வந்தன. நம் ஜவான் தன் பாட்டைத் தானே பாடிக்கொண்டான்.

அவன் கேட்ட பாட்டுக்கு வானொலியில் ஓர் இடம் கிடைத்தது சுதந்திரத்துக்கு அப்புறம். 1957 அக்டோபரில் விவித் பாரதி தொடங்கியது, ‘ஜெய்மாலா’ நிகழ்ச்சி ஜவான்கள் கேட்கும் பாடல்களை ஒலிபரப்பியது. கார்கிலில் இருந்து ஒருவன் பாட்டு கேட்பான், ஊரில் மனைவி அதே நேரத்தில் ரேடியோ முன்னால் உட்கார்ந்திருப்பாள்.

கார்கில் போரில் ஒரு விளம்பர வசனத்தை வெற்றிச் செய்தியாகச் சொன்னார்களாமே?
– பள்ளி மாணவன், தேனி

கேப்டன் விக்ரம் பத்ரா. 1999 ஜூனில் 5140 சிகரத்தைப் பிடித்ததும் வயர்லெஸ்ஸில் ‘யே தில் மாங்கே மோர்’ என்றார். அப்போது நாடு முழுக்க ஒலித்த குளிர்பான விளம்பர வரி. கீழே காத்திருந்த அதிகாரிக்கு அறிக்கை எதுவும் தேவைப்படவில்லை, எல்லாம் புரிந்துவிட்டது. ஜூலை 7 அன்று காயம்பட்ட தோழரைக் காப்பாற்றப் போன இடத்தில் உயிர் விட்டார். அப்போது வயது 24.

போரில் கை கால் இழந்து திரும்பியவர்களுக்கு விளையாட்டு எல்லாம் ஆறுதலுக்குச் சொல்லும் பேச்சு அல்லவா?
– செவிலியர், வேலூர்

நோயாளியின் பக்கத்தில் நிற்கிறவர் நீங்கள், அதனால் உங்களுக்கு நீளமாகவே பதில் சொல்கிறேன். முரளிகாந்த் பேட்கர் ராணுவத்தின் இ.எம்.இ. பிரிவில் இருந்த குத்துச்சண்டைக்காரர். 1965 போரில் உடம்பில் பல குண்டுகள். முதுகுத்தண்டு போயிற்று, கால்கள் செயலிழந்தன. சிகிச்சைக்காகத் தண்ணீரில் இறக்கினார்கள். அங்கேயே நீச்சல் போட்டிக்குத் தயாராகிவிட்டார். 1972-இல் ஜெர்மனியின் ஹைடல்பெர்க் பாராலிம்பிக்கில் 50 மீட்டர் ஃப்ரீஸ்டைலை 37.33 விநாடியில் முடித்துத் தங்கம் வாங்கினார். இந்தியாவுக்குத் தனிநபர் போட்டியில் கிடைத்த முதல் பாராலிம்பிக் தங்கம். 2018-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். 46 வருஷம் கழித்து! நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை.

ஏரவாடாவுக்கு எதிர்க்கரையில், கட்கியில், முதுகுத்தண்டு பாதிக்கப்பட்ட வீரர்களுக்கான மறுவாழ்வு மையம் இருக்கிறது. அங்கே சக்கர நாற்காலியில் உட்கார்ந்து கூடைப்பந்து ஆடுகிறார்கள். பந்தைத் தவறவிட்டவனைச் சுற்றியிருப்பவர்கள் கேலி செய்தால், அதில் இரக்கம் கொஞ்சமும் கலந்திருக்காது. அவர்களுக்கு வேண்டியதும் அதுதான். பார்க்க வருகிற நாம் கண் கலங்குவோம், அதை அவர்கள் மரியாதைக்காகப் பொறுத்துக்கொள்வார்கள். தப்பாக ஆடினால் தப்பு என்று சொல்கிற தோழன் ஒருவன் கிடைத்தால், அவன் இவர்களைப் பழையபடி சிப்பாய்களாக நடத்துகிறான் என்று அர்த்தம்.

இப்போது எல்லா ஜவான் கையிலும் செல்போன். முகாமில் கூடிச் சிரிப்பது குறைந்துவிட்டதா?
– கணினித் துறை ஊழியர், பெங்களூரு

குறைந்திருக்கிறது என்றுதான் ஓய்வுபெற்ற சுபேதார்கள் பலரும் வருத்தத்தோடு சொல்கிறார்கள். பாதுகாப்புக் காரணத்துக்காக 2020 ஜூலையில் 89 செயலிகளை ராணுவம் தடை செய்தது. செயலியை உத்தரவு போட்டு நீக்கலாம். கேரம் பலகையைச் சுற்றி நாலு பேரை உட்காரவைக்க உத்தரவு போதாது, இளம் அதிகாரி தானும் ஓர் ஓரத்தில் உட்கார்ந்து தோற்க வேண்டும். வீட்டோடு முகம் பார்த்துப் பேசக் கிடைத்த வசதியை நான் குறை சொல்ல மாட்டேன். கடிதத்துக்கு இருபது நாள் காத்திருந்த தலைமுறைக்கு அது கிடைக்கவில்லையே என்றுதான் இருக்கிறது. பேசி முடித்தபின் போனை வைத்துவிட்டுக் கூடாரத்துக்கு வெளியே வந்தால் நல்லது.

எங்கள் ஊர்ப் பட்டாளத்தார் விடும் கதைகளை எவ்வளவு நம்பலாம்?
– வாசகர், அணைக்கட்டு, வேலூர் மாவட்டம்

கம்மவான்பேட்டைப் பக்கத்திலேயே இருந்துகொண்டு இதைக் கேட்கிறீர்களே! வீட்டுக்கு வீடு ராணுவத்துக்கு ஆள் அனுப்பிய மாவட்டம் உங்களுடையது. சீனாக்காரனைத் தனியாகத் துரத்தினேன் என்று தாத்தா சொன்னால் பாதியைத் தள்ளிக்கொள்ளலாம். சமையல்காரன் பருப்பில் உப்புக்குப் பதில் சர்க்கரை போட்டதையும், அதைக் கேப்டன் முகம் சுளிக்காமல் சாப்பிட்டு முடித்ததையும் சொன்னால் முழுதாக நம்புங்கள். அந்த மாதிரிக் கதையை இட்டுக்கட்ட முடியாது. முடிந்தால் போனில் பதிவு செய்து வையுங்கள். சண்டையின் வரலாற்றை எழுத ஆள் இருக்கிறது, பருப்புக் கதையை எழுத உங்களைத் தவிர யாரும் இல்லை.

மகன் ராணுவத்தில் சேர்ந்து முதல் முறையாக எல்லைப் பக்கம் போயிருக்கிறான். தூக்கமே வரவில்லை. அவனுக்கு என்ன அனுப்பலாம்?
– ஒரு தாய், உசிலம்பட்டி

அம்மா, அவனுக்கு மட்டும் என்று கட்டாதீர்கள். ஒரு செக்‌ஷனில் பத்துப் பேர் இருப்பார்கள், பத்துப் பேருக்கும் வருகிற மாதிரி கட்டுங்கள். முறுக்கு வழியில் உடையும், சீடை உடையாது. அதிரசம் நன்றாக ஆறியபின் டப்பாவில் அடைத்தால் தாங்கும். குளிர்ப் பிரதேசமாக இருந்தால் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள்ளேயே உறைந்துவிடும், அதனால் அதைத் தவிர்த்து நல்லெண்ணெய் வையுங்கள். இடம் இருந்தால் ஒரு சீட்டுக்கட்டும், இரண்டு பழைய ஜோக் புத்தகமும். பெயர், எண், படைப்பிரிவு மூன்றையும் பிழையில்லாமல் எழுதி, அவன் கொடுத்த 56 ஏ.பி.ஓ. முகவரியை அதன் கீழே எழுதுங்கள். உங்கள் ஊர்த் தபால் நிலையத்திலேயே வாங்கிக்கொள்வார்கள். அவனுடைய அதிகாரிக்கு என்று தனிப் பொட்டலம் வேண்டாம். வாசனை பிடித்து அவரே வந்துவிடுவார்.